தாழ்ப்பாள் கழற்றிய வீடு

கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரம் எங்கள் விடுதி அறையில் ஒரு தோடு காணாமல் போனது. அதுவரை நாங்கள் நான்கு பேரும் ஒருத்தி சீப்பை இன்னொருத்தி எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு பல் துலக்கப் போகிறவள்கூடப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

கல்லூரி திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கும் ஒரு கோழிப்பண்ணைக்கும் நடுவில் இருந்தது. என் ஊர் இளம்பிள்ளை. கல்லூரிப் பேருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வராது. பேருந்து மாறி மாறிப் போய் வந்தால் படிக்க நேரமிருக்காது என்று அப்பா என்னை விடுதியில் சேர்த்தார். விடுதியில் பெயரைவிட ஊர்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நான் இளம்பிள்ளை. எனக்கு எதிர்க் கட்டிலில் ஆத்தூர். பக்கத்துக் கட்டிலில் மல்லசமுத்திரம். நான்காவது பெண் ராசிபுரம். தோடு காணாமல் போன அன்று அவள் ஊருக்குப் போயிருந்ததால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

தோடு ஆத்தூர்க்காரியுடையது. அவள் அம்மா தன் காதிலிருந்து கழற்றிப் போட்டு அனுப்பியது. முந்தின நாள் சாயங்காலம் தலைக்குக் குளித்தபோது கோடிக் குளியலறையின் சோப்பு மாடத்தில் வைத்தவள் மறந்து வந்துவிட்டாள். விடிந்ததும் நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் ஒற்றைத் தோடுதான் இருந்தது. இன்னொன்றைக் காணோம். திருடுகிறவள் ஒன்றை மட்டுமா எடுப்பாள், தண்ணீரோடு போயிருக்கும் என்று நான் சொன்னேன். சொன்ன உடனே அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

விடுதிக் காப்பாளர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"நான் யாரையும் சொல்லலம்மா. எடுத்தவங்க சத்தமில்லாம என் மேசைமேல வச்சிட்டுப் போயிடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

மூன்று நாள் அந்த மேசை காலியாகவே இருந்தது. போகும்போதும் வரும்போதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்தால், வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பார்களோ என்று பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் யார்? எனக்கு மல்லசமுத்திரத்துக்காரிமேல்தான் சந்தேகம். அதற்குக் காரணம் இருந்தது. அவள் தினமும் விடியும் முன்பே, வேறு யாரும் எழுவதற்குள், குளித்துவிட்டு வந்துவிடுவாள். எப்போதும் அந்தக் கோடிக் குளியலறைதான். எதுக்குடி இவ்வளவு சீக்கிரம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "தண்ணி நல்லா வருது" என்றாள். தண்ணீர் எல்லா நேரமும் நன்றாகத்தான் வந்தது.

அப்படிப்பட்டவள் ஒருநாள், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என்னிடம் வந்து நின்றாள்.

"இளம்பிள்ளை, நாம ரெண்டு பேரும் வெளிய ஊடு எடுத்துக்கலாமா?"

"மொத வருசத்துக்கு வெளிய உடுவாங்களா?"

"ஊட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா உடுவாங்க. கேட்டுட்டேன். இங்கிருந்து மூணு ஸ்டாப்புதான். மாடி போர்ஷன் காலியா இருக்குது. கீழ ஒரு அக்கா மட்டும் இருக்கறாங்க."

"எதுக்கு என்னையக் கூப்படற?"

ஈரத் துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டாள். "நீயும் இங்க இருக்கப் புடிக்காமத்தான இருக்கற?" என்றாள்.

அது உண்மைதான். ஆனால் அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

அன்று வகுப்பில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. இப்போது விடுதியை விட்டுப் போனால், எடுத்தவள் போய்விட்டாள் என்று சொல்வார்கள். போகாமல் இருந்தால் நான்கு வருடம் இந்தப் பெட்டிச் சாவிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அவளோடு போனால், இரண்டு பேரும் கூட்டு என்று ஆகிவிடும். அவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஒருவேளை அதற்காகத்தான் என்னையும் சேர்த்துக்கொள்கிறாளோ? தனியாகப் போனால் அவள்மேல் மட்டும் விரல் நீளும். இரண்டு பேராகப் போனால் பழி பாதியாகும் அல்லவா?

ஆனாலும் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன என்று ஞாயிற்றுக்கிழமை போனேன்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை. புது வீடு. முன்பக்கம் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருந்தது. வாசலுக்கு மேலே ஒரு போர்வெல் லாரியின் பெரிய படம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் சந்தனப் பொட்டோடு ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் வீட்டுக்காரர், போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாராம். கீழே இருக்கும் அவர் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். ஆன்ட்டி என்று நான் ஆரம்பித்ததும் "அக்கான்னே கூப்புடு சாமி" என்றார்.

எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மல்லசமுத்திரத்துக்காரிக்கு ஒரு வார்த்தை கேட்காமல் மோர் கொடுத்தார். அவளுக்கு டீ பிடிக்காது என்பது விடுதியில் எங்களுக்குத் தெரியும். இந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் முதல்முறையாக வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்றல்லவா அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தூங்குனா எப்படி? கூப்புட்டா எந்திரிச்சுக்குவயா, இல்ல அடிச்சுப் போட்டாப்புல தூங்குவயா?"

"எந்திரிச்சுக்குவேங்க."

"ரத்தங்கித்தம் பாத்தா மயக்கம் வருமா?"

"இல்லீங்க. எதுக்குங்க்கா?"

"சும்மாத்தான் கேட்டேன் சாமி. பயந்த புள்ளையா இருந்தா மாடியில ஒத்தையில இருக்க ஆவாது பாரு."

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளா இவை? கறியும் மீனும் சமைப்பீர்களா, ஆண்பிள்ளைகள் வருவார்களா என்று கேட்பார்கள் என்று நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. ஒரு அறை, சின்னச் சமையலறை, குளியலறை. வெளிச்சமும் காற்றும் நன்றாக இருந்தன. கட்டில்கள் இரண்டும் வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தன. குளியலறைக் கதவை உட்பக்கமாகச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள், வெள்ளையாக ஏதோ பூசி அடைத்திருந்தது. பூசியது இன்னும் முழுதாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. வெளியே வந்து பார்த்தேன். கதவின் வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருந்தது. படுக்கும் அறைக் கதவையும் பார்த்தேன். அங்கும் உள்தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள்.

"அக்கா, உள்பக்கம் தாப்பா இல்லீங்களே?"

"துருப்புடிச்சுக் கெடந்துச்சு. கழட்டிப் போட்டாச்சு."

"புதுசு போட்டுத் தருவீங்களா?"

அக்கா மல்லசமுத்திரத்துக்காரியைப் பார்த்தார். அவள் சட்டென்று, "அது பரவால்லீங்க்கா, நாம ரெண்டு பேருதான" என்றாள்.

ஒரு பெண், குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததைப் பரவாயில்லை என்கிறாள்.

கீழே இறங்கியதும், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று தெருமுனை மளிகைக் கடைக்குத் தனியாகப் போனேன். கடையில் இருந்த அம்மா நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அந்த மேல் ஊட்டுக்கா கண்ணு? அங்க யாரும் நிக்கறதில்ல. போன வருசம் ரெண்டு டீச்சருங்க இருந்தாங்க. அந்தம்மா நெனச்சு நெனச்சு மேல ஏறி வந்து எட்டி எட்டிப் பாக்குதுன்னு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நல்ல பொம்பளதான். ஆனா என்னமோ, நான் எதுக்கு நாயம் பேசறேன்."

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. கைபேசியில் படம் எடுக்கும் கூட்டம், எங்கோ ஒளித்து வைத்த கேமரா என்று கேள்விப்பட்டதெல்லாம் வரிசையாக வந்தன. அக்காவும் மல்லசமுத்திரத்துக்காரியும் முன்பே பழக்கம் என்பது உறுதி. அதை இரண்டு பேரும் மறைக்கிறார்கள். அப்பாவுக்கு ஃபோன் செய்து, ஒரு வீடு பார்த்திருக்கிறோம், நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் தறி ஓடுகிறது. அப்பா நூல்கட்டு வாங்கும்போது விற்கிறவன் கண்முன்னாலேயே ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். மயிர் கருகிய வாசம் வந்தால்தான் பட்டு என்று ஒப்புக்கொள்வார். வருகிற ஞாயிறு வருகிறேன் என்றார். அவர் வந்து பார்த்தால் போதும், எதுவும் தப்பாது என்று எனக்குத் தைரியம் வந்தது.

ஆனால் ஞாயிறு வரை என்னால் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை மல்லசமுத்திரத்துக்காரி ஆய்வகத்துக்குப் போனபோது சாவியைத் தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். அறையில் நான் மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டு அவள் பெட்டியைத் திறந்தேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. தோடு அங்கேதான் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் என் பெயர் வெளுத்துவிடும் என்ற வேகம்தான் இருந்தது. சுடிதார்களுக்கு அடியில் ஒரு ஜிப் பை இருந்தது. உள்ளே கையை விட்டபோது அட்டை அட்டையாக மாத்திரைகள். ஒரு நோட்டு. சேலத்தில் ஒரு நரம்பு வைத்தியரின் சீட்டுகள். நோட்டில் பெரியவர்கள் கையெழுத்தில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதியிருந்தது. "பள்ளிக்கூட மைதானத்தில். நாக்கைக் கடித்துக்கொண்டாள்." "மாட்டுக் கொட்டகையில். தனியாக இருந்தபோது." கடைசிப் பக்கத்தில் டாக்டர் சொன்னவை: தூக்கம் கெடக்கூடாது. உயரமான கட்டில் கூடாது. குளிக்கும்போது கதவை உள்ளே தாழிடக் கூடாது.

நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவள் விடியும் முன்பே குளிப்பது அதற்காகத்தான். ஆள் வருவதற்குள், கதவைத் தாழிடாமல் குளித்து முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பழையபடி வைத்துப் பூட்டினேன். பழையபடி வைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் அவள் என்னை நிறுத்தினாள்.

"எம்பொட்டியத் தொறந்தயா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"ஆமா."

"எதுக்கு?"

"தோடு இருக்குதான்னு பாக்க."

"நான் எடுத்திருப்பேன்னு நெனச்சயா?"

"நெனச்சேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தாள். "நானும் உன்ற பொட்டியப் பாத்துட்டுத்தான் உன்னைய ஊட்டுக்குக் கூப்பிட்டேன்" என்றாள்.

"என்ன?"

"நீ எடுத்திருந்தீன்னா உங்கூட எப்படி இருக்கறது? ஒருநாளு நீ சாவிய மறந்து வச்சிட்டுக் குளிக்கப் போயிருந்தப்பப் பாத்தேன். ஒண்ணுமில்ல. நெறைய முறுக்கு மட்டும் வச்சிருந்த."

எனக்குக் கோபம் வந்தது. அதை எந்த முகத்தோடு காட்டுவது என்று தெரியவில்லை.

அவள் மீதியைச் சொன்னாள். விடுதிப் படிவத்தில் நோய் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் அவள் அப்பா இல்லை என்று எழுதிவிட்டார். வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யார் வருவார்கள் என்று அவருக்குப் பயம். அவள் அம்மாவுக்கோ விடுதிக் குளியலறையை நினைத்துப் பயம். அம்மாவும் மகளும் இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த அக்காவைப் பார்த்து, உள்ளதைச் சொல்லி, தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். உள்தாழ்ப்பாள்களைக் கழற்றியதோடு சரி, வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கூட ஒரு பெண் இருந்தால்தான் மாடியைக் கொடுப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"என்றகிட்ட எதுக்குச் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பயா?"

"சொல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போவ? நடுவுல உனக்கு வந்துச்சுன்னா நான் என்ன பண்றது?"

"வர்றதுக்கு முன்னாடி சொல்லிரலாம்னு இருந்தேன்."

அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஞாயிறன்று அப்பா வந்தார். வரும்போதே இஸ்திரி போட்ட சட்டை, முழுக்கை. மாடியில் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். நானும் மல்லசமுத்திரத்துக்காரியும் பின்னாலேயே போனோம். குளியலறைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, உள்தாப்பா எங்கீங்க?"

"கழட்டிட்டமுங்க" என்றார் அக்கா.

"எதுக்குங்க?"

அப்பா படுக்கும் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு வெளித்தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அவர் குரல் மாறியது.

"வெளிய இருந்து பூட்டிக்கலாம், உள்ளார இருந்து பூட்ட முடியாது. வயசுப் புள்ளைங்களுக்கு இப்படி ஒரு ஊடுங்களா? உங்க ஊட்டுக்காரரு எப்ப வருவாருங்க?"

"மூணு மாசத்துக்கு ஒருக்காங்க."

"வந்தா மேல கீழ நடமாடுவாருங்களா?"

அந்த அக்காவின் முகம் கறுத்தது. "எங்கூட்டுக்காரரப் பத்தி இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்றார். அவர் ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பக்கம்கூடத் திரும்பாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கும் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று இரண்டு நாள் முன்புதான் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு இது மொதல்லயே தெரியுமா அம்மணி?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே விளங்காத ஓர் ஆட்டம்.

"போலாம் வா" என்று அப்பா படியில் இறங்கத் தொடங்கினார்.

"கழட்டச் சொன்னது நானுங்க" என்று மல்லசமுத்திரத்துக்காரி சொன்னாள். "எனக்கு வலிப்பு வருமுங்க. உள்ளார பூட்டிட்டு உழுந்துட்டா யாரும் தொறக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாருங்க. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்பா பாதிப் படியில் நின்றார். பிறகு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அது மன்னிப்பா, போய் வருகிறேன் என்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கும்பிடு. அக்கா பதிலுக்குக் கும்பிடவில்லை.

பேருந்து நிறுத்த நிழலில் நின்றதும் அப்பா சொன்னார்:

"பாவந்தான் அந்தப் புள்ள. நான் இல்லேங்கல. ஆனா என்ற பொண்ணு படிக்க வந்திருக்கறா. யாரையும் பாத்துக்க வரல."

"ம்."

"இத்தன மறைச்சவங்க இன்னும் என்ன மறைச்சிருக்கறாங்களோ. மொதல்லயே சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்."

"மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க இங்க வந்தே பாத்திருக்க மாட்டீங்கப்பா."

அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். "தோடு நாயம் என்னாச்சு?" என்று திடீரென்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். அம்மாவிடம் மட்டும்தான் அதை நான் சொல்லியிருந்தேன். அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். என் அப்பாவும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பாரா என்று ஒரு கணம் தோன்றியது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேருந்து வந்ததும், "நீயே யோசிச்சுச் சொல்லு. கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா சாயங்காலமானா வீடியோவுல ஊட்டக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவள்மேல் இரக்கப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு வலிப்பு வரும் என்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால்? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டால்? அவள் என்னை ஏமாற்றப் பார்த்தாள் என்ற ஆத்திரமும் போகவில்லை. ஆனால் அந்த விடுதியில் இருந்த நூற்றுக்கணக்கான பெண்களில் என் பெட்டியைத் திறந்து பார்த்து, நான் எடுக்கவில்லை என்று தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் யாரும் அவ்வளவு சிரமப்படவில்லை. பார்க்காமலே முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வருகிறேன் என்றேன். "நெசமாவா?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள்.

காலி செய்த அன்று ஆத்தூர்க்காரி வாசற்படியில் வந்து நின்றாள்.

"போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பெட்டிய தொறந்து காட்டிட்டுப் போங்க. எங்கம்மாகிட்ட நான் பதில் சொல்லணும்."

"இதெல்லாம் எதுக்கும்மா" என்றார் காப்பாளர். ஆனால் தடுக்கவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். நான் என் பெட்டியைத் திறந்து தரையில் வைத்தேன். ஆத்தூர்க்காரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளாடைகளை உதறினாள். பவுடர் டப்பாவைக் குலுக்கினாள். எடுத்த துணியை அவள் மடித்துத்தான் வைத்தாள், அதையும் சொல்ல வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஜிப் பை நினைவுக்கு வந்தது. அடுத்தது அவள் பெட்டி. இத்தனை பேர் முன்னால் மாத்திரையும் நோட்டும் வெளியே வரப்போகின்றன. திரும்பிப் பார்த்தேன். மல்லசமுத்திரத்துக்காரி தன் பெட்டியைத் திறக்கக் குனிந்தவள், எல்லோரும் என் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பையைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். ஆத்தூர்க்காரி அந்தப் பெட்டிப் பக்கம் நகர்ந்ததும், சோதித்து முடித்த என் பெட்டிக்குள் இவள் அதை வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மூடிப் பூட்டினேன். என் அவசரத்தைப் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி பார்த்தாள். அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தோடு கடைசிவரை கிடைக்கவில்லை. நாங்கள்தான் எடுத்தோம் என்று அந்தத் தளத்தில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

மாடி வீட்டில் முதல் மாதம் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருந்தோம். அவள் மாத்திரை போடுகிறாளா என்று நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். அக்காவும், கடைக்காரம்மா சொன்னதுபோலவே, தண்ணீர் வருகிறதா, மோட்டார் போடட்டுமா என்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். தாழ்ப்பாளுக்குக் காரணம் தெரிந்த பிறகும் அவர் ஏறி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு திடுக்கிடல் இருந்தது. அவருக்குக் கீழே தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த ஒரு ஞாயிறு, காலை பதினொரு மணி இருக்கும். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் அவளும் விழுந்திருந்தாள். அவள் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் துண்டு வைத்தேன். வாயில் எதையும் வைக்கவில்லை. "அக்கா" என்று கத்தினேன். அக்கா வந்ததும் முதலில் கத்தியை எடுத்து அப்பால் போட்டார். சத்தம் கேட்டு மளிகைக் கடை அம்மாவும் படியேறி வந்து, "கையில சாவியக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்றார். அக்கா அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கீழே அனுப்பினார். எல்லாம் இரண்டு நிமிடம்தான். எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது.

கண் விழித்துக் கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி:

"யாரு யாரு பாத்தீங்க?"

"நானும் அக்காவும்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய், நேராகவே கேட்டுவிட்டு வந்தாள்.

"பொய்தான சொன்ன?"

"ஆமா. நீ அப்ப இருந்த இருப்புல எப்படிச் சொல்றது?"

"இனிமே பொய் சொல்லாத. யாரு பாத்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் யாருக்குப் பயப்படணும்னு எனக்குத் தெரியும்."

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது நாள், கடைக்காரம்மா மூலமாக ஊருக்கெல்லாம் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிறேன் என்று வகுப்பு ஆசிரியையிடம் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குக் கதவோரம் இடம் மாற்றிக் கொடுத்தார்கள். சிலர் அவள் பக்கத்தில் உட்காருவதை விட்டார்கள். வேறு சிலர் புதிதாக வந்து உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்து அவள் அப்பா மாடிக்கு வந்து அவளைத் திட்டிவிட்டு, போகும்போது அழுதார்.

நான்கு வருடமும் அந்த வீட்டில்தான் இருந்தோம். இப்போது நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். அவள் கோயம்புத்தூரில். போன மாதம் ஃபோன் செய்தபோது, அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றாள்.

"அவகிட்டச் சொல்லிட்டயா?" என்று கேட்டேன்.

"வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். செரின்னு சொல்லிட்டா, ஒண்ணுமே கேக்கல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆனா அவதான் என்னமோ மறைக்கறா புள்ள."